நாற்காலி தொலைந்த சாமி

தூத்துக்குடியில் இறங்கிய அன்று மாலை நான் ஆறு புரோட்டா தின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நான் ஏதோ ஆராய்ச்சிக்காக வந்தவன் என்று நினைத்துவிடுவீர்கள். கொழும்பில் அப்போது விடிவதற்கு முன்பே பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசையில் நிற்க வேண்டும். அரிசிச் சோறு வாரத்தில் எந்த நாள் சாப்பிடலாம், எந்த நாள் கூடாது என்பதைக்கூட அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவன், கல்லில் புரோட்டாவை இரண்டு கையாலும் அடித்துப் பிரிக்கும் சத்தத்தைக் கேட்டால் கால் தானாக நின்றுவிடும். ஆறாவதைக் கேட்டபோது கடைக்காரர், "சிலோனா?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "சாப்பிடுத வேகத்துலயே தெரியுது அண்ணாச்சி" என்றார்.

எனக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பல் கட்டும் வேலை. வைத்தியன் இல்லை. வைத்தியர் பிடுங்குவார், நான் செய்து கொடுப்பேன். இறக்குமதி எல்லாம் நின்றுபோனதால் பொய்ப்பல்லும் ஈறு செய்யும் ரோஸ் நிறத் தூளும் கொழும்பில் கிடைக்கவில்லை. என் வாடிக்கைக்காரர்கள் பலர் கஞ்சியாகக் குடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். தூத்துக்குடிக்குப் போய் ஒரு பெட்டி பல் வாங்கி வருவதுதான் என் பயணத்தின் வெளிப்படையான நோக்கம். வெளியே சொல்லாத நோக்கம் ஒன்றும் இருந்தது. அது ஒரு சாமியைக் கொண்டுவருவது.

சாமியின் சொந்தக்காரர் தொம்மை. புன்னைக்காயல்காரர், கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றியவர். வயதானதும் கொழும்பில் தங்கி ஒரு விடுதியில் சமைத்துக்கொண்டிருந்தார். சாயந்திரமானால் என் பட்டறைக்கு வந்து ரேடியோ கேட்பார். ஒருநாள் யாரோ விட்டுப்போன வெளிநாட்டுப் படப் பத்திரிகையைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். எகிப்து தேசத்து வெண்கலச் சாமியின் படம் அது. அம்மணமான சின்னப் பையன். தலை மொட்டை, வலது காதோரம் மட்டும் ஒற்றைக் குடுமி. நெற்றியில் படம் எடுத்த பாம்பு. ஒரு விரலை வாயில் வைத்திருக்கிறான். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது, பெயர் ஹோரஸ், குழந்தையாக இருக்கும்போது எடுத்த கோலம் என்று கீழே போட்டிருந்தது. விரலை வாயில் வைத்தால் அந்த ஊரில் குழந்தை என்று அர்த்தமாம். பின்னால் வந்த கிரேக்கர்கள் 'சத்தம் போடாதே' என்கிறான் என்று தப்பாக எடுத்துக்கொண்டார்களாம். நான் பார்த்தவுடன் பல்வலி என்றுதான் நினைத்தேன்.

"இது என் வீட்ல இருக்குலே" என்றார் தொம்மை.

எகிப்தில் போர்ட் சயீத் துறைமுகத்தில் ஒரு கிரேக்க நாவிதன், கப்பல் சாப்பாடு ஆசைக்கு இதைக் கொடுத்துவிட்டு ஒரு பானை மீன்குழம்பு வாங்கிப் போனானாம். தொம்மை அதை ஊருக்குப் போகும் ஒரு தோழரிடம் மனைவிக்குக் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு அவர் ஊருக்கே போகவில்லை. பதினாறு வருஷம். ஏன் என்று கேட்டால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். இப்போது என்னிடம், என் சாமான் அது, வாங்கிக்கொண்டு வந்துவிடு, வேறு ஒரு பேச்சும் வேண்டாம், விற்றால் பாதி உனக்கு என்றார். அந்தக் கடைசிச் சொல்லில் நான் விழுந்துவிட்டேன். சுங்கத்தில் கேட்டால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். பல் வார்க்கும் மாவுக்கட்டு பிளாஸ்டரைப் பூசிப் பொம்மையாக்கிவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் பல்லும் தூளும் வார்ப்புப் பெட்டியும் வாங்கிக்கொண்டு புன்னைக்காயல் பஸ்ஸில் ஏறினேன். கார்த்திகை மழை. இருபுறமும் உப்பளங்கள் தண்ணீர் கட்டி வெறும் குளமாகக் கிடந்தன. பழையகாயலுக்கு முன்னால் ரோட்டைக் காணோம். டிரைவர் கொஞ்ச தூரம் நம்பிக்கையில் ஓட்டினார். பிறகு இன்ஜின் ஒரு விக்கல் எடுத்து நின்றது. கண்டக்டர் இறங்கி முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, தண்ணீர் வடிந்தால் பஸ் நகரும், எப்போது வடியும் என்று தாமிரபரணியைத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னார். பின்னால் வந்த உப்பு லாரியில் வெறும் சாக்குகளின் மேல் உட்கார்ந்து மிச்ச வழியைக் கடந்தேன். இறங்கியபோது உதட்டை நக்கிப் பார்த்தேன். ஒரு முட்டை அவித்துச் சாப்பிடுகிற அளவுக்கு உப்பு என் மேலேயே இருந்தது.

தொம்மையின் மனைவி பெயர் இஞ்ஞாசியம்மாள். மாதா கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. அறுபதை நெருங்கிய, உயரமான பெண். என்னைப் பார்த்ததும் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டார். கொழும்பிலிருந்து, தொம்மை அண்ணனிடமிருந்து என்றதும் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். அதிர்ச்சி என்று நினைத்தேன். தொழில் கண்ணால் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. மேல் முன்பல் நாலு இல்லை. போன மழைக்குக் கோயில் படியில் வழுக்கி விழுந்தாராம்.

குசினியில் உட்கார வைத்துச் சோறு போட்டார். நாங்களும் அடுக்களையைக் குசினி என்றுதான் சொல்வோம். அந்த ஒரு சொல்லைக் கேட்டதில் கடலைத் தாண்டியதே மறந்துபோயிற்று. நான் பத்திரிகைப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவனுக்குப் பாம்பு இருக்கு. நம்மவருக்கு இல்ல" என்றார்.

பிசைந்த சோற்றை அப்படியே வைத்தேன். இது வேறு சாமியா என்று கேட்டேன்.

"பாம்பு இருந்துச்சு தம்பி. மாதாவோட காலுக்கடியில கெடக்க வேண்டிய பாம்பு பிள்ளையோட நெத்தியில என்ன செய்யுது? படகுக்கு ஆணி அடிக்கிற கொல்லர்ட்ட குடுத்து அராவிட்டேன்."

இரண்டாயிரம் வருஷத்துப் பாம்பு. என்னுடைய பாதியில் பாதி அந்தக் கொல்லரின் அரத்தோடு போயிற்று என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இஞ்ஞாசியம்மாளோ நிதானமாக மற்றதைச் சொன்னார். பொட்டலத்தில் ஒரே ஒரு சொல் எழுதிய சீட்டு இருந்ததாம்: 'பத்திரம்.' கவனமாக வை என்று தொம்மை எழுதியதை இவருடைய அண்ணன்மார்கள் வீட்டுப் பத்திரம் என்று எடுத்துக்கொண்டு, பொட்டலத்தைக் கிழித்து, சாக்கை உதறி, சாமியையே தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே எதுவும் இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். இவர் கிறிஸ்துமஸ் குடிலில் பாலனாக வைத்துவிட்டார். சாமி உட்கார்ந்த கோலத்தில் வார்த்தது, ஆனால் உட்காரும் நாற்காலி எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது. நிறுத்தினால் விழும், படுக்க வைத்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். வைக்கோலில் பாதி புதைத்துத்தான் வைப்பாராம். பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, பிள்ளை ஏன் இவ்வளவு மெலிவு என்று கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் இருந்தது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இவர் சொன்னாராம்.

சரி, சாமி எங்கே என்று கேட்டேன்.

"இங்கன இல்ல. கண்ணன் பொறந்தநாளுக்குக் கொற்கைக்குப் போனாரு. பேச்சி எட்டு நாளையில தாரேன்னா. மூணு மாசமாச்சு. குடில் வைக்கணும், நீ போய் வாங்கிட்டு வா. கேட்டேன்னு சொல்லு."

பேச்சியம்மாள் கொற்கையில் வயல் வைத்திருக்கிறவர். இஞ்ஞாசியம்மாள் கருவாடு கொண்டுபோவார், அவர் நெல் கொடுப்பார், இருபது வருஷப் பழக்கம். நான் மறுநாள் போனேன்.

கொற்கை என்றால் என் மனதில் கப்பல் வந்து நின்றது. இறங்கினால் வயல்தான். கடல் எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் நான் வந்த வழியையே கையால் காட்டினார். பாண்டியன் துறைமுகம் இருந்த இடத்தில் பிசானப் பருவத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள் சேற்றில் நின்றபடியே என்னிடம் பேசினார். கையிலிருந்த நாற்று முடியும்வரை கரையேறவில்லை. வீட்டுக்குப் போனதும் முதலில் கூட்டாஞ்சோறு வைத்தார், பிறகு சாமியைக் காட்டினார்.

பித்தளைப் படியில் அரிசியை நிறைத்து அதில் உட்கார வைத்திருந்தார். எண்ணெய் மினுமினுப்பில் கரேலென்று இருந்தது. ஒரு சாண் உயரம். வலது பக்கக் குடுமியில் மயிலிறகு. அரம் தின்ற நெற்றியில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும். விரல் வாயில். கீழே ஒரு கிண்ணத்தில் வெண்ணெய். என்னுடைய படத்துப் பையனைவிட இவன் நன்றாக இருந்தான் என்று சொன்னால் நம்ப வேண்டும். யாரோ தினமும் குளிப்பாட்டிய முகம்.

நான் பத்திரிகையைக் காட்டி, இது எகிப்து நாட்டுச் சாமி, பெயர் ஹோரஸ் என்று எல்லாம் சொன்னேன். பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு துணியால் படியிலிருந்து சாமியை எடுத்துத் துடைத்தார்.

"எங்க கண்ணன் இல்லன்னு எனக்குத் தெரியும். அவ பாலன் இல்லன்னு அவளுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்த பிள்ளைய யாரு பெத்ததுன்னு கேட்டுட்டா சோறு போடுவாவ?"

நான் பத்திரிகையை மடித்துக்கொண்டேன். அவர் சாமியைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். அடுத்த ஆவணிக்குத் திரும்ப அனுப்பச் சொல்லுங்க என்றார். சரி என்று தலையாட்டினேன். கோயிலுக்குப் போகாத எனக்கே அந்தத் தலையாட்டல் உறுத்தியது.

முக்காணியில் பஸ் மாற வேண்டும். புன்னைக்காயலுக்கு ஒன்று, தூத்துக்குடிக்கு ஒன்று. இந்த இடத்தில் நான் நல்லவனாக நடந்துகொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். தூத்துக்குடி பஸ் முதலில் வந்தது. ஏறிவிட்டேன். ஏறும்போதே காரணங்களைத் தயார் செய்துகொண்டேன். சாமி தொம்மையுடையது. நான் தொம்மையின் ஆள். என் பெட்டிகூட கையிலேயே இருக்கிறது. இஞ்ஞாசியம்மாளுக்குக் கொழும்பிலிருந்து ஒரு நல்ல பிளாஸ்டர் பாலனை அனுப்பிவைத்தால் போயிற்று.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடியிலிருந்த துண்டு அவிழ்ந்து, சாமி தரையில் விழுந்து, ஈரத்தில் சறுக்கிக்கொண்டு முன்னால் போய், ஒரு மீன்கூடையில் முட்டி நின்றது. கூடைக்காரம்மா குனிந்து எடுத்தார். முந்தானையால் துடைத்தார். பிறகு பக்தியாக உதட்டில் ஒற்றி முத்தி செய்தார்.

"இது நம்ம இஞ்ஞாசி வீட்டுப் பாலன்லா? எங்கன போறாரு?"

சந்தனமரியாள் என்று அவர் பெயர். புன்னைக்காயல்தான். மாப்பிள்ளையூரணியில் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் பாலிஷ் போடக் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். தூத்துக்குடியிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நெற்றியில் ஏன் குங்குமம் என்று கேட்டார். அதற்குத்தான் பாலிஷ் என்றேன். இஞ்ஞாசிக்குத் தெரியுமா என்று கேட்டார். வாய் நிறைய மாவுக்கட்டு வைத்திருக்கும் நோயாளியைப் பார்த்து, பேசாதே என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த நோயாளியைப் போல உட்கார்ந்திருந்தேன்.

சந்தனமரியாள் கண்டக்டரைக் கூப்பிட்டு பழையகாயலில் விசில் கொடுக்கச் சொன்னார். மகள் வீட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சாமியை அவரே வைத்துக்கொண்டார், என்னுடைய பெட்டியையும் வாங்கிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், பாலன் வழி தவறிட்டாரு, கூட்டிட்டுப் போறேன் என்றார்.

இஞ்ஞாசியம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். கோபிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கோபித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெட்டியைத் திறந்தேன். பல்லைக் காட்டினேன். கட்டித் தருகிறேன் என்றேன்.

"வார்த்தைக்குத்தான சொல்லுதீய?" என்றார். முந்தின நாள் நான் 'நீ'யாக இருந்தேன். இப்போது மரியாதை வந்துவிட்டது. அது நல்ல அடையாளம் இல்லை.

இரண்டு நாள் அந்தக் குசினிதான் பட்டறை. மெழுகில் அச்சு எடுத்தேன். மாவுக்கட்டில் வார்த்தேன். வார்ப்புப் பெட்டியை வேகவைக்க வேறு பாத்திரம் இல்லாததால் அவருடைய மீன்குழம்புப் பானையில் போட்டேன். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. இஞ்ஞாசி வீட்டில் சிலோன்காரன் பல் அவிக்கிறான் என்று கோயில் வரை பேச்சு. சாமி ஜன்னலில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் உட்கார்ந்து, விரலை எடுக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பானை கொதிக்கும்போதுதான் இஞ்ஞாசியம்மாள் கேட்டார். "அவியளுக்கு அங்கன ஒருத்தி உண்டுமா?"

இல்லை என்றேன். அது உண்மை. விடுதியில் சமைப்பார், சாயந்திரம் ரேடியோ கேட்பார், அவ்வளவுதான் என்றேன். யாருக்குச் சமைக்கிறார் என்று கேட்டார். ரயில்வே கிளார்க்குகளுக்கு என்றேன். அவர்கள் குறை சொல்வதில்லையா என்று கேட்டார்.

அப்புறம் மெதுவாகக் கதை வந்தது. கடைசி லீவில் வந்திருந்தபோது அண்ணன்மார்கள் எல்லாம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். தொம்மை ஒரு வாய் வைத்துவிட்டு, குழம்பில் உப்புக் கூட என்று சொல்லி இலையை விட்டு எழுந்துவிட்டார். இவர், அப்போ கப்பல்லயே போய்ச் சாப்பிடுங்க என்றார். அவர் போய்விட்டார்.

"அவ்வளவுதான்" என்றார் இஞ்ஞாசியம்மாள். "நான் வாங்கன்னு எழுதல. அவிய வாரேன்னு எழுதல. நீங்க மூணு நாளா என் கையால சாப்பிடுதீய. சொல்லுங்க, உப்புக் கூடவா?"

கொஞ்சம் கூடத்தான். உங்களிடம் சொல்வதற்கென்ன. அவரிடம், நான் பல் வேலைக்காரன், நாக்கு என் இலாகா இல்லை என்றேன். அவர் பானையின் கீழ் விறகைத் தள்ளினார்.

பல் நன்றாக அமைந்தது. என் வாழ்க்கையில் செய்ததில் நல்ல வேலை அது என்று இப்போதும் சொல்வேன். நாலும் ஒரே வரிசை, இடுக்கு இல்லை, மேடு பள்ளம் இல்லை. புளி வாசனைதான் கொஞ்சம் அடித்தது. கண்ணாடியைப் பார்த்த இஞ்ஞாசியம்மாள் கையை வாயருகே கொண்டுபோய், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையால் மூக்கைத் தொட்டுக்கொண்டார். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டில் கைதட்டினார்கள்.

இனிச் சாமி வந்துவிடும் என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டேன், இந்தத் தடவை நேராக.

"அவிய சாமானுன்னா அவிய வந்து வாங்கட்டும் தம்பி. ஆள் விட்டு வாங்க இதென்ன ரேஷன் அரிசியா?"

அதற்குப் பதில் என்னோடு தூத்துக்குடிக்குக் கிளம்பினார். புதுப் புடவை, மடியில் சாமி. நேராக ஒரு போட்டோ ஸ்டூடியோ. நாற்காலியில் உட்கார்ந்து சாமியை மடியில் வைத்துக்கொண்டார். அவர் மடியில் அது விழாமல் உட்கார்ந்தது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து, வாயை மூடுங்கம்மா, படத்துக்குச் சிரிக்கக் கூடாது என்றார். "இதுக்குத்தான வந்தேன். நீங்க எடுங்க" என்றார் இஞ்ஞாசியம்மாள். மூடவில்லை.

படம் கைக்கு வர ஒரு நாள் ஆயிற்று. அந்த ஒரு நாளில் மக்ரூன் மட்டும் எவ்வளவு தின்றேன் என்று சொன்னால் என் தொழிலுக்கே அவமானம். பெட்டியில் பல், பையில் மக்ரூன், சட்டைப்பையில் ஒரு படம். சாமி இல்லை. இப்படியாக ஊர் திரும்பினேன். சுங்கத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி அத்தனை பற்களையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூடினார்.

தொம்மையிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். பாம்பை அராவிவிட்டார்கள். அதனால் விலை போகாது. சாமி கிறிஸ்துமஸுக்குப் புன்னைக்காயல், ஆவணிக்குக் கொற்கை என்று இரண்டு வீட்டில் இருக்கிறது. இரண்டு பெண்களை மீறிக் கொண்டுவர என்னால் ஆகாது. முயன்றும் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

எதுவும் தேவைப்படவில்லை. தொம்மை படத்தை வாங்கி ரேடியோவை அணைத்தார். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். நான், இதோ மடியில் சாமி, நெற்றியைப் பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டினேன். என் விரலைத் தள்ளிவிட்டார்.

"இந்தப் பல்ல யாரு வச்சா?"

நான்தான் என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

"அவளுக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து உண்டு. சிரிச்சா அதான் முதல்ல தெரியும். அத ஏம்லே அடைச்ச?"

எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றேன். அவரே வரிசையாக வை என்றுதான் கேட்டார் என்றேன்.

"அவளுக்கு என்ன தெரியும்? அவ மூஞ்சிய அவளா பாத்தா? நான்லா பாத்தேன்."

அன்று ரேடியோவை மறுபடி போடவில்லை. படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். விடுதியில் அன்று சமையல் தாமதம் என்று பிறகு கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார், ஆங்கிலத்தில் நிரப்பித் தா என்றார். பெயர், பிறந்த ஊர், தொழில் எல்லாம் எழுதினேன். பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, என்ன எழுத என்று கேட்டேன்.

தொம்மை சட்டைக்குள்ளிருந்த படத்தை எடுத்து ஒருமுறை பார்த்தார்.

"பல் வேலைன்னு போடு" என்றார்.